பெயர் சொல்லாத வர்ணனை

டெவன் விழுந்தபோது என் இடது கையில் பைனாகுலர் இருந்தது, வலது கையில் பென்சில்.

டெக்ஸஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் உச்சிப் படிக்கு மேலே தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று உண்டு. பிரஸ் பாக்ஸ் என்பார்கள். அதில் ஜன்னலை ஒட்டி, மைக்குக்கு முன்னால், உள்ளூர் ரேடியோவின் வர்ணனையாளர் ரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டை. இரண்டு அணிப் பையன்களின் எண்ணும் பெயரும், அவரவர் நிற்கும் இடப்படி அதில் எழுதியிருக்கும்.

என் வேலை இதுதான். பந்தைப் பிடித்தது யார், அவனைச் சாய்த்தது யார் என்று பைனாகுலரில் எண்ணைப் பார்த்து, அட்டையில் அந்தப் பெயரைப் பென்சிலால் தொட வேண்டும். ரே ஓரக்கண்ணால் அதைப் பார்த்து ரேடியோவில் சொல்வார். ஸ்பாட்டர் என்று இதற்குப் பெயர். கேட்பவர்களுக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் எதிரணிக்காரனைத் தடுக்கத் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடினான். இரண்டு ஹெல்மெட்டுகள் மோதிய சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. குவியலாகக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் மட்டும் எழவில்லை. மல்லாந்து கிடந்தான். எண் ஐம்பத்து நான்கு.

பழக்கத்தில் பென்சிலை அவன் பெயர்மேல் வைத்தேன்.

ரே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அந்தப் பெயரின்மேல் வைத்து மூடினார்.

"ஒரு பையன் கீழே கிடக்கிறான்," என்றார் மைக்கில். "நம் பையன்."

அவ்வளவுதான். பெயரைச் சொல்லவில்லை.

பேஸ்மெண்ட் பாடம்

கரூர்க்காரி எப்படி டெக்ஸஸில் ஃபுட்பால் ரேடியோவில் போய் உட்கார்ந்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அம்மா போனில் இன்னமும் கேட்கிறார். அதைச் சொல்லிவிட்டு டெவனிடம் வருகிறேன்.

கல்யாணமாகி நான் வந்து இறங்கியது நியூ ஜெர்சி, பிரிட்ஜ்வாட்டர். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் பால் வாங்கக்கூட வாசலைத் தாண்ட முடியாது. என் கணவர் முரளி காலையில் ஆபீஸ் போனால் நானும் ஹீட்டரும்தான் வீட்டில். அது சத்தம் போடும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியும். கோயிலுக்குப் போய், கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு, ரங்கநாதன் அங்கிள் வீட்டுக்குப் போவோம். முரளியோடு வேலை பார்த்தவர், மாம்பலத்துக்காரர். சாப்பிட்டதும் ஆண்கள் எல்லாரும் பேஸ்மெண்டுக்கு இறங்கிவிடுவார்கள். அங்கேதான் பெரிய டிவி. மேலே பெண்கள் பேச்சு ஸ்கூல், வீடு, கிரீன் கார்டு என்று ஓடும். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. கீழே கம்பளமும் கதகதப்பும் இருந்தன. நானும் இறங்கினேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் விளங்கவில்லை. தடிதடியாக ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள், நான்கு விநாடியில் விசில் ஊதுகிறார்கள், எல்லாரும் கலைந்து நிற்கிறார்கள். இதுவா விளையாட்டு என்றிருந்தது.

மூன்றாவது வாரம்தான் டிவியில் ஆட்டத்தை வர்ணிக்கிற இரண்டு குரல்கள் காதில் ஏறின. ஒருவர் என்ன நடந்தது என்று சொல்கிறார். இன்னொருவர் அது ஏன் நடந்தது என்று சொல்கிறார். நடந்ததையே மெதுவாகத் திருப்பிப் போட்டு, இதோ இவன் இடது காலை முன்னே வைத்தான் பாருங்கள், அதனால்தான் ஏமாந்தான் என்கிறார். பிறகு மறுபடி நான்கு விநாடி ஆட்டம். மறுபடி பேச்சு.

பந்து நகர்கிற நேரம் கொஞ்சம், சும்மா நிற்கிற நேரம் அதிகம். ஒரு குரல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளத் தோதான விளையாட்டு அது. ரேடியோ வந்து உட்கார்ந்தது, பிறகு டிவி வந்து உட்கார்ந்தது. இந்த நாட்டுக்காரர்கள் அந்தக் குரல்கள் வழியாகத்தான் இந்த ஆட்டத்தைக் காதலித்தார்கள் என்பது என் கட்சி. பெரிய மைதானங்களில் டிவிக்காரர் ஒருவர் ஆரஞ்சு நிறக் கையுறை மாட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பார். விளம்பரம் முடிந்தது என்று அவர் கையை அசைத்தால்தான் ஆட்டம் மறுபடி தொடங்கும். விளையாட்டை டிவி விலைக்கு வாங்கிவிட்டது என்று முரளி இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். நான் திட்டியதில்லை. என்னிடம் வாரத்தில் மூன்று மணி நேரம் சலிக்காமல் பேசியவர்களை நான் எப்படித் திட்டுவது?

ஒரு ஞாயிறு முரளி என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இது நிஜமாவே புரியுதா, இல்ல தூங்கிட்டு இருக்கியா?" என்றார்.

"மூணாவது சான்ஸ், இன்னும் எட்டு கஜம் இருக்கு. ஓட மாட்டான். பந்தைத் தூக்கித்தான் போடுவான்," என்றேன்.

தூக்கித்தான் போட்டான்.

ரங்கநாதன் அங்கிள் தன் சாய்வு சோபாவிலிருந்து எழுந்தார். "நீ இங்க வந்து உக்காரும்மா," என்றார். "முரளி, நீ போய் எல்லாருக்கும் காபி கொண்டு வா."

புல்லில் இல்லாத கோடு

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். அந்தப் பத்து கஜம் எங்கே முடிகிறது என்று டிவியில் மைதானத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரியும். வீரர்கள் அதை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். அழியாது.

டெக்ஸஸுக்குக் குடிபெயர்ந்து, எங்கள் மகள் நிலா, ஆட்டங்களில் வாசிக்கிற ஹைஸ்கூல் பாண்டில் கிளாரினெட் வாசிக்கச் சேர்ந்த பிறகுதான் நான் முதல் தடவை ஒரு மைதானத்துக்குள் கால் வைத்தேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் எனக்கு ஒரே குழப்பம்.

"என்னங்க, இங்க மஞ்சக் கோடு போடலையா?" என்றேன் முரளியிடம்.

அவருக்கும் தெரியவில்லை. "ஸ்கூல் மேட்ச்தானே, செலவுன்னு விட்டுருப்பாங்க," என்றார்.

நான் விடாமல் பின்வரிசைப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த நாச்சோஸ் தட்டு சரிந்தது. கோடு டிவியில் மட்டும்தான் உண்டு, எந்த மைதானத்திலும் கிடையாது என்று சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவள்தான் ஏஞ்சலா. டெவனின் அம்மா. டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். அன்றிலிருந்து இரண்டு வருஷம் நாங்கள் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்தோம். பள்ளி ஸ்டாலில் சேர்ந்து நின்று பாப்கார்ன் விற்றோம்.

இந்தக் கோட்டு விஷயத்தைப் பின்னால் சன்னிவேல் போனபோது அங்கிருக்கிற என் காலேஜ் தோழி உமாவிடம் சொன்னேன். அவள் டிவி கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எல் கமினோ ரோட்டில் ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மேஜையில் காரச் சட்னியை விரலால் ஒரு கோடாக இழுத்தாள். அதன்மேல் காபி டம்ளரை நகர்த்தினாள்.

"கம்ப்யூட்டர் புல்லோட பச்சை மேல மட்டும்தான் மஞ்சளைப் பூசும். ஆளோட சட்டை கலர் வந்தா விட்டுடும். அதனாலதான் அவன் கோட்டு மேல நடக்கற மாதிரி இருக்கு. மழை பேஞ்சு சட்டை எல்லாம் சேறாயிட்டா எங்க பொழப்பு நாறிடும்."

"இல்லாத கோட்டுக்கு இவ்ளோ பேர் உழைக்கிறீங்களா?"

"அது இல்லாம இப்ப யாருக்குமே ஆட்டம் பாக்கத் தெரியலடி," என்றாள், பெருமையாக.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த நாட்டுக்குள் நுழைந்தேன்.

இடமிருந்து வலம்

ரேயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது தற்செயல். நிலாவின் இரண்டாம் வருஷத்தில், சீசன் முடியப்போகிற நேரம், ஒரு ஆட்டத்துக்கு முன் பிரஸ் பாக்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, ரேடியோவின் இன்டர்நெட் பெட்டி வேலை செய்யவில்லை, டெலிகாம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். டெலிகாம் கம்பெனிகள் நிறைந்த ரிச்சர்ட்சனில் இப்படிக் கேட்டால், என்னையும் சேர்த்துப் பாதி ஸ்டாண்ட் எழுந்து நிற்கும். நான் படியோரம் இருந்தேன், அதனால் முதலில் போய்ச் சேர்ந்தேன். கேபிளைத் தவறான ஓட்டையில் செருகியிருந்தார்கள். மாற்றிவிட்டு, கண்ணாடி வழியே நன்றாகத் தெரிகிறதே என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

அன்று ரேயின் ஸ்பாட்டர் வரவில்லை. ரே ஒருமுறை பெயர் தெரியாமல் தடுமாறினார். நான் வாய்க்குள் "இருபத்தியொண்ணு" என்றேன், தமிழில். அவர் திரும்பிப் பார்த்தார். அட்டையில் இருபத்தொன்றைக் காட்டினேன். ஆட்டம் முடிந்ததும், அடுத்த வாரமும் வர முடியுமா என்று கேட்டார்.

ரே ஜியாகிரபி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பள்ளியின் ஆட்டங்களை ரேடியோவில் சொல்லிவருகிறார். தொடங்கும்போது அவர் சொல்கிற முதல் வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். "நம் பையன்கள் உங்கள் ரேடியோவில் இடமிருந்து வலமாக ஓடுகிறார்கள்." கண்ணை மூடிக் கேட்டால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு மைதானம் விரியும். காற்று எந்தப் பக்கம், வெயில் யார் கண்ணில் அடிக்கிறது, பாண்டு என்ன நிறத் தொப்பி போட்டிருக்கிறது, எல்லாம் சொல்வார்.

இப்போது எல்லாருடைய போனிலும் வீடியோ வருகிறதே, ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"வேலையில் இருப்பவர்கள்," என்றார். "கையும் கண்ணும் வேறு எதிலோ இருப்பவர்கள்."

வீட்டில் நிலாவிடம் இதைச் சொன்னால், "அம்மா, யூ ஆர் அப்செஸ்ட்," என்று காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை

டெவன் அசையாமல் கிடந்தான். அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்கிற இரண்டு டிரெய்னர்கள் ஓடி வந்து மண்டியிட்டார்கள். இரண்டு அணிப் பையன்களும் அவரவர் இடத்தில், வழக்கப்படி, ஒரு முழங்காலில் அமர்ந்தார்கள். பாண்டு நின்றது. கீழே படிகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போன்கள் உயர்ந்தன.

ரே பேசிக்கொண்டே ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். 'அம்மா எங்கே?'

'வேலையில்,' என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி சேர்த்தேன். 'நம்மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.'

சனிக்கிழமை டியூட்டி இருந்தால் ஏஞ்சலா நர்ஸ்கள் மேஜையில் சின்ன ரேடியோவை வைத்துக்கொள்வாள். அந்த வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். "ரே என்ன சொல்றார்னு பாத்துக்க. என் பையன் பேரைச் சரியா சொல்லச் சொல்லு."

ரே அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெட்போனில் ஸ்டூடியோக்காரர், மெத்தைக் கடை விளம்பரத்துக்குப் போகலாம் என்றார். எனக்கும் கேட்டது. ரே தலையை ஆட்டி மறுத்தார். மைக்கை ஒரு விநாடி மூடிக்கொண்டு, "அந்தப் பையனைக் கிடக்கவிட்டு நான் மெத்தை விற்க மாட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியதுதான் நான் என் வாழ்க்கையில் கேட்ட சிறந்த வர்ணனை. குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"டிரெய்னர் அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்கிறார். இது எப்போதும் செய்கிற முறை. பதறிப்போய்ச் செய்வதல்ல. ஆம்புலன்ஸ் வடக்கு கேட்டில் நுழைகிறது. மெதுவாக வருகிறது. டாக்டர் அவனிடம் ஏதோ கேட்கிறார். இங்கிருந்து எங்களுக்குக் கேட்கவில்லை."

நான் பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்கவே இல்லை. என் கண்ணுக்குத் தெரிவதுதான் ரேயின் வாயில் வரும். ரேயின் வாயில் வருவதுதான் ஏஞ்சலாவின் காதுக்குப் போகும். நடுவில் நான். அவள் இரண்டு வருஷம் படியில் என்னோடு உட்கார்ந்த பெண்.

அவன் இடது ஷூ அசைந்த மாதிரி இருந்தது.

'கால்' என்று எழுதினேன். ரே புருவத்தைத் தூக்கி, நிச்சயமா என்று சைகையில் கேட்டார். மறுபடி பார்த்தேன். டிரெய்னரின் முழங்கை அந்தக் காலை ஒட்டித்தான் இருந்தது. அவர் இடித்து அசைந்திருக்கலாம். ஆமாம் என்று தலையாட்ட என் கழுத்து துடித்தது. ஒரு தலையாட்டல்தானே, அதில் அவளுக்கு ஒரு மூச்சு கிடைக்குமே என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவன் கால்களைப் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியவில்லை," என்றார் ரே. "தெரிந்ததும் சொல்கிறேன்."

ஏஞ்சலா கேட்கும்போது ஏன் அதைச் சொன்னார் என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

எவ்வளவு நேரம் போனதோ. டாக்டர் தன் இரண்டு விரலை டெவனின் வலது கைக்குள் வைத்தார். அவன் விரல்கள் மூடின. திறந்தன. மறுபடி மூடின. இந்த முறை யாரும் அவனை இடிக்கவில்லை. நான் தாளில் எழுதவில்லை. ரேயின் கையைப் பிடித்து இறுக்கிக் காட்டினேன்.

"அவன் டாக்டரின் விரலைப் பிடித்துவிட்டான்," என்றார் ரே. "வலது கை. இரண்டு முறை பிடித்தான். எங்கள் ஸ்பாட்டர் அதைக் கண்ணால் பார்த்தார்."

கோட்டோரத்தில் உதவிக் கோச் ஒருவர் இவ்வளவு நேரம் போனைக் காதில் வைத்திருந்தார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கியபோது அவர் மேலே எங்களைப் பார்த்து, போனைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். அம்மாவிடம் பேசியாயிற்று.

அதன் பிறகுதான் ரே அட்டையிலிருந்து கையை எடுத்தார். பெயரை நிறுத்தி நிதானமாக, சரியாகச் சொன்னார்.

விருந்தில்

கழுத்தில் சுளுக்கு, மூளையில் அதிர்வு. மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை. ஏஞ்சலா வேண்டாம் என்றாள், அவனும் வாதாடவில்லை. ஒரு பையனைப் புல்லில் அப்படிப் போடுகிற விளையாட்டை நான் இவ்வளவு புகழலாமா என்று எனக்கே சில நாள் தோன்றும். ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கும் போனேன்.

பத்து நாள் கழித்து சீசன் முடிந்த விருந்து, பள்ளி உணவுக்கூடத்தில். பெற்றோர்தான் பரிமாறினோம். நான் எலுமிச்சை சாதம் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேஜையில் ஏஞ்சலா பீன்ஸ் குழம்பு. அதற்கு முன் அவளைப் பார்க்கப் போனபோதெல்லாம் டெவனோ, சொந்தக்காரர்களோ கூட இருந்தார்கள். நாங்கள் தனியாகப் பேசவே இல்லை. எனக்குப் பேசப் பயமாகவும் இருந்தது. அந்தக் கால் விஷயம் பத்து நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

அவளாகவே தொடங்கினாள், கரண்டியை வைக்காமல்.

"ரேடியோவுல ஒரு பையன் விழுந்துட்டான்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். ஒரு பேஷண்ட்டுக்கு ஊசியை எடுத்துட்டு இருந்தேன். ரத்தம் நிக்கறவரை அழுத்தின கையை எடுக்க முடியாது. கோச் போன் அடிச்சப்பகூட உடனே எடுக்க முடியாம ரேடியோவை மட்டும் கேட்டுட்டு நின்னேன். கூட இருந்த பொண்ணு போன்ல யாரோ வீடியோ போட்டு அவன் பேரையும் போட்டிருக்காங்க. அவ பாத்துட்டா. ரே சொல்லலையே, நாமளும் சொல்லக் கூடாதுன்னு போனைப் பாக்கெட்ல வெச்சுட்டாளாம். அப்புறம்தான் சொன்னா."

வரிசை நகர்ந்தது. இரண்டு தட்டுக்குச் சாதம் போட்டேன்.

"ஏஞ்சலா, அந்தக் கால் பத்தி…" என்றேன்.

"ஆமா," என்றாள். "அதான். கால் பத்தித் தெரியலைன்னார் இல்லையா? நான் நர்ஸ். சும்மா தைரியம் சொல்ற குரல் எனக்குத் தெரியும், நானே தினம் அதுல பேசறவ. இவர் தெரியலைன்னு சொன்னதும், சரி, இந்த ஆள் பொய் சொல்ல மாட்டார்னு புரிஞ்சுது. அதனாலதான் கையைப் பிடிச்சான்னு சொன்னப்ப என்னால நம்ப முடிஞ்சுது."

என் கரண்டி சாதத்திலேயே நின்றுவிட்டது.

"அந்த ஸ்பாட்டர் நீதான்னு தெரியும்," என்றாள். "சாதத்தைப் போடு. ஆள் நிக்குது."